ஹெரால்டுக்கு நைட்ரஸ் பூட்டிய கதை

1. மைலேஜ் முனிரத்தினம்

எண்பதுகளின் தொடக்கத்தில் செங்கத்தில் மஸ்தான் பாய் பட்டறையில் நான் ஹெட் மெக்கானிக். மஸ்தான் பாய்தான் முதலாளி. இன்ஜினில் கை வைப்பதை எப்போதோ விட்டுவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்தபடி சத்தத்தைக் கேட்டே வண்டிக்கு என்ன கோளாறு என்று சொல்வார். பாதி நேரம் சரியாகத்தான் இருக்கும். ஜவ்வாது மலை ஏறி இறங்குகிற ஜீப், வேன் எல்லாம் எங்களிடம்தான் வரும்.

எனக்கு 'மைலேஜ் முனிரத்தினம்' என்று பெயர். அந்தக் காலத்தில் வண்டி எவ்வளவு வேகம் போகும் என்று யாரும் கேட்க மாட்டார்கள். லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்பதுதான் கேள்வி. பெட்ரோல் விலை ஏறிக்கொண்டே இருந்தது. மலைமேல் பங்க் கிடையாது, கேனில்தான் கொண்டு போக வேண்டும். ஆகவே பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறவனே நல்ல மெக்கானிக்.

நான் மிச்சம் பிடித்த விதம் இதுதான். கார்புரேட்டரில் மெயின் ஜெட் என்று பித்தளையில் ஒரு சின்னத் துண்டு இருக்கும். அதன் நடுவில் ஊசி முனை அளவுக்கு ஓட்டை. இன்ஜினுக்குப் போகிற பெட்ரோல் அந்த ஓட்டை வழியாகத்தான் போக வேண்டும். பழைய கரண்ட் ஒயரைப் பிரித்து ஓர் இழை செப்புக் கம்பியை எடுத்து அந்த ஓட்டைக்குள் செருகி, இரண்டு பக்கமும் மடக்கி விடுவேன். ஓட்டை சின்னதாகும், பெட்ரோல் குறையும், வாடிக்கையாளர் மறுவாரம் பழத்தட்டோடு வருவார். அப்படி ஓடிய இன்ஜின்கள் சூடேறி, ஒன்றிரண்டு வருஷம் முன்னதாகவே படுத்துக்கொண்டன என்பதும் உண்மை. அதற்குள் அந்த வாடிக்கையாளர் எனக்கு நாலு பேரைச் சிபாரிசு செய்து முடித்திருப்பார்.

இந்த வித்தையை யாரும் எனக்குப் புத்தகம் வைத்துச் சொல்லித்தரவில்லை. எங்கள் வட்டாரத்தில் எல்லாப் பட்டறையிலும் இது உண்டு. என் கை மற்றவர்கள் கையைவிடக் கொஞ்சம் நுணுக்கம், அவ்வளவுதான்.

2. சிரிப்பு காஸ்

சந்தானம் என்ற முப்பது வயதுக்காரர் ஒரு நாள் ஹெரால்டு காரில் வந்து இறங்கினார். அவருடைய அப்பா வேலூர்ப் பக்கம் ஆஸ்பத்திரிகளுக்கு காஸ் சப்ளை செய்கிற ஏஜென்சி வைத்திருந்தார். மகனுக்கு ஏஜென்சியில் மனசு இல்லை, கார் ஓட்டுவதில்தான் மனசு. மெட்ராஸ் மோட்டார் கிளப் ஒன்று ஜமுனாமரத்தூருக்கு ஏறும் மலைப்பாதையில் போட்டி வைக்கப் போகிறதாம். ஒவ்வொரு வண்டியாகக் கீழேயிருந்து விடுவார்கள், குறைந்த நேரத்தில் மேலே போய்ச் சேருகிறவருக்குப் பரிசு. மற்றவர்களுடைய வண்டிகள் பெரிய இன்ஜின் போட்டவை. ஹெரால்டு ஆயிரம் சிசிகூடத் தேறாது.

"அதுக்குத்தான் இத்த எடுத்துக்கினு வந்தேன்" என்று ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்தார். கப்பலில் வேலை பார்க்கிற அவருடைய சித்தப்பா மகன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. உள்ளே கரண்டில் திறந்து மூடும் இரண்டு வால்வு, ஒரு சின்ன பெட்ரோல் பம்ப், பின்னல் போட்ட குழாய், இரண்டு ஜெட், ஒரு பட்டன், இங்கிலீஷில் நாலு பக்கக் காகிதம். நைட்ரஸ் ஆக்சைடு கிட்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் எரிய ஆக்சிஜன் வேண்டும். காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் அது இருக்கிறது. நைட்ரஸ் ஆக்சைடை இன்ஜினுக்குள் விட்டால், சூட்டில் உடைந்து காற்றைவிடக் கூடுதலாக ஆக்சிஜன் கொடுக்கும். அதற்கேற்ப பெட்ரோலையும் கூடுதலாக ஊற்றினால் சின்ன இன்ஜினும் பெரிய இன்ஜின் மாதிரி இழுக்கும். அதனால்தான் கிட்டில் காஸுக்கு ஒரு ஜெட், பெட்ரோலுக்கு ஒரு ஜெட். இரண்டும் ஜோடி, ஒன்றை மாற்றினால் மற்றதையும் மாற்ற வேண்டும். பெட்ரோல் ஜெட்டைத் தொடாதே என்று காகிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. சந்தானம் எனக்கு அதை இரண்டு தடவை படித்துக் காட்டினார்.

காஸுக்குப் பஞ்சமில்லை. ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கிற சிரிப்பு காஸும் இதேதான், அவர்கள் வீட்டுச் சரக்கு. அதைக் கொண்டுவந்தவர் தணிகாசலம். ஏஜென்சியில் பல வருஷமாகச் சிலிண்டர்களுக்குப் பொறுப்பாக இருந்தவர். பெரிய சிலிண்டரிலிருந்து சின்னதுக்கு மாற்றி நிரப்புவது, எடை போடுவது, அடையாளச் சீட்டுக் கட்டுவது எல்லாம் அவர் கைதான். ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான ஆள், அதிகம் பேச மாட்டார்.

நீலச் சிலிண்டரை டிக்கியில் நிமிர்த்தி வைத்துக் கட்டப்போனேன். அவர் தடுத்தார்.

"நிக்க வச்சா காத்தாத்தான் வரும்பா. கவுத்து வையி, அப்பத்தான் தண்ணியா வரும். ஒனக்குத் தண்ணியாத்தான வேணும்?"

காகிதத்திலும் அப்படித்தான் இருந்தது. அவர் காகிதத்தைப் பார்க்கவே இல்லை.

3. கறுப்புப் புகை

கிட்டைப் பொருத்த நாலு நாள் ஆனது. ஹெரால்டில் ஒரு வசதி, பானெட் மட்கார்டோடு சேர்ந்து மொத்தமாக முன்பக்கம் சாயும். முன் டயர்மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். பிளக்கில் தீப்பொறி விழுகிற டைமிங்கைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினேன். ஆக்சிலேட்டர் முழுசாக மிதிபட்டால்தான் பட்டன் வேலை செய்யும்படி ஒயரிங் போட்டேன். அந்த ஒயரிங்கைப் பற்றி எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு.

செங்கத்துக்கு வெளியே நேர் ரோட்டில் டெஸ்ட் பார்த்தோம். சந்தானம் பட்டனை அழுத்தியதும் வண்டி முதுகில் அறைந்த மாதிரி முன்னால் பாய்ந்தது. பக்கத்தில் இருந்த எனக்குத் தலை பின்னால் போய் இடித்தது. ரோட்டோரம் மாடு ஓட்டிக்கொண்டு போனவர் மாட்டை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார். திரும்பிப் பார்த்தேன். சைலென்சர் கறுப்பாகப் புகை கக்கியிருந்தது. பட்டறைக்கு வந்து பிளக்கைக் கழற்றினால், நாலும் கரி.

கறுப்புப் புகை என்றால் எரியாத பெட்ரோல். பெட்ரோல் எரியாமல் போவதைப் பார்த்தால் எனக்கு, குழாயைத் திறந்துபோட்டுவிட்டுத் தூங்குகிறவன் வீட்டைப் பார்ப்பது போல இருக்கும். வெள்ளைக்காரனுக்குப் பெட்ரோல் தண்ணீர் மாதிரி, அவன் இஷ்டத்துக்கு ஓட்டை போட்டிருக்கிறான் என்று நினைத்தேன். சந்தானம் ஊருக்குப் போயிருந்தார். அவரைக் கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார், அதனால்கூடத் தோன்றாமல் இருந்திருக்கலாம். பெட்ரோல் ஜெட்டைக் கழற்றி, வழக்கம்போல ஓர் இழையைச் செருகி மடக்கினேன்.

மறுநாள் டெஸ்டில் புகையே இல்லை. வண்டி முன்னைவிட நன்றாகவே இழுத்தது. சந்தானத்துக்கு ஒரே சந்தோஷம், "இன்னா பண்ணே முனிரத்தினம்?" என்று கேட்டார். சின்ன டியூனிங்தான் என்றேன். பொய் இல்லை. உண்மையும் இல்லை.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது பீங்கான் வெள்ளையாக இருந்தது. காப்பிப் பொடி நிறத்தில் இருக்க வேண்டியது. வெள்ளை என்றால் பெட்ரோல் போதவில்லை, உள்ளே சூடு அதிகம் என்று எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் நான் மைலேஜ் போட்டுக் கொடுத்த வண்டி எல்லாவற்றிலும் வெள்ளை பிளக்தான். வெள்ளையைப் பார்த்துப் பார்த்து, அதுதான் நல்ல நிறம் என்று என் கண்ணுக்குப் பழகியிருந்தது.

4. மலை ரோட்டில்

போட்டியைச் சந்தை இல்லாத நாளாகப் பார்த்து வைத்திருந்தார்கள். பஸ்ஸைக் கொஞ்ச நேரம் நிறுத்தி, வளைவுக்கு வளைவு ஆள் போட்டிருந்தார்கள். காலையில் மலையடிவாரம் சில்லென்று இருந்தது. குளிரில் சிலிண்டரின் பிரஷர் இறங்கிவிடும். தணிகாசலம் சாக்கை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துச் சிலிண்டரைச் சுற்றி, புறங்கையை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். புளி மூட்டையோடு பஸ்ஸுக்குக் காத்திருந்த மலைக்காரர் இரண்டு பேர் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நான் ஒரு நொடி காஸைத் திறந்து சோதித்ததும் குழாய்மேல் வெள்ளையாக ஐஸ் பூத்தது. அவர்களில் வயதில் பெரியவர் அதில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, இந்த வண்டிக்கு ஜுரமா என்று கேட்டார். எல்லாரும் சிரித்தோம்.

சந்தானம் புறப்பட்டதும் மஸ்தான் பாயும் தணிகாசலமும் நானும் ஜீப்பில் பின்னாலேயே போக அனுமதி வாங்கியிருந்தோம். முதல் சில வளைவுகள்வரை மேலே ஹெரால்டின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு நேர்ப்பகுதியிலும் பட்டன் அழுத்துகிற இடத்தில் சத்தம் மாறும். செங்கத்தில் டெஸ்ட் பார்த்தபோது நாலைந்து நொடிதான் அழுத்தினோம். இங்கே ஏற்றம். ஒவ்வொரு நேர்ப்பகுதியும் முடிகிறவரை அவர் அழுத்திய விரலை எடுக்கவே இல்லை.

ஒரு நீளமான ஏற்றத்தில் டக் என்று ஒரு சத்தம். அதற்கப்புறம் சத்தமே இல்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கார் பள்ளத்துப் பக்கம் இல்லாமல் பாறைப் பக்கம் சாய்ந்து நின்றிருந்தது. அது அதிர்ஷ்டம். சந்தானம் கீழே இறங்கி நின்றிருந்தார். ஆயில் மூடி வழியாக நீலப் புகை வந்தது. பிஸ்டன் ஓட்டையாகிவிட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

5. மூன்றாம் நம்பர் பிஸ்டன்

ஜீப்பில் கட்டி இழுத்து ஜமுனாமரத்தூர் கொண்டுபோய், ஒரு கடையோரம் நிறுத்தி, இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினோம். மூன்றாம் நம்பர் பிஸ்டனின் தலையில் எட்டணாக் காசு அளவுக்கு ஓட்டை. விளிம்பு மெழுகு உருகியதுபோல வழிந்திருந்தது. அந்த பிளக்கில் அலுமினியம் சின்னச் சின்ன வெள்ளி மணியாக ஒட்டியிருந்தது.

சந்தானம் நெடுநேரம் அதையே பார்த்தார். பிறகு தணிகாசலத்தின் பக்கம் திரும்பினார். நைட்ரஸில் இப்படி ஆகாது, காகிதத்தில் உள்ளபடிதான் எல்லாம் செய்திருக்கிறது, வெறும் ஆக்சிஜன் போனால்தான் இப்படி உருகும், சிலிண்டரில் ஆக்சிஜனைக் கலந்து நிரப்பிவிட்டாய் என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கணக்குப் போட்டு விடை கண்டுபிடித்த மாதிரி சொன்னார். அது அதைவிட மோசமாக இருந்தது.

குழாயில் ஐஸ் பூத்ததே, ஆக்சிஜனுக்கு அப்படிப் பூக்காதே என்று நான் சொல்லியிருக்கலாம். என் வாயில் வரவில்லை. நைட்ரஸோடு ஆக்சிஜன் கொஞ்சம் கலந்திருந்தாலும் ஐஸ் பூக்குமே என்று சந்தானமே அதற்கும் பதில் சொல்லிவிட்டார்.

தணிகாசலம் மறுத்துப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ விரலை மடக்கி மடக்கி எதையோ கூட்டிப் பார்த்தார். இந்தச் சிலிண்டரை நிரப்பிய அன்றைக்கு எந்த ஹோஸை எந்தச் சிலிண்டரில் மாட்டினோம் என்று நினைவுக்குக் கொண்டுவருகிறார் என்பது எனக்குப் புரிந்தது. ஒரே வேலையைத் தினமும் செய்கிறவனிடம் அன்றைக்கு எப்படிச் செய்தாய் என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது. கை செய்திருக்கும்.

"அதே நாள்லதான் பெரியாஸ்பத்திரிக்கும் ரொப்பி அனுப்பினேன்" என்றார் கடைசியில். "இதுல ஆக்சிஜன் போயிருந்தா, ஆக்சிஜன் சிலிண்டர்ல இன்னா போயிருக்கும்?"

ஆபரேஷன் நடக்கும்போது மூச்சுக்கு என்று வைக்கிற சிலிண்டர் அது. அதில் நைட்ரஸ் இருந்தால் நோயாளி எழுந்திருக்க மாட்டார். மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நாள். தணிகாசலம் துண்டைக்கூட எடுத்துக்கொள்ளாமல், ஆஸ்பத்திரிக்குப் போன் போடத் தபால் ஆபீஸைப் பார்த்து ஓடினார். ஐம்பது வயது ஆள் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

நான் பெட்ரோல் ஜெட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். இழை அப்படியே இருந்தது. அதை உருவிக் கீழே போட்டுக் காலால் மண்ணைத் தள்ளினேன். மஸ்தான் பாய் நாற்காலி இல்லாமல் ஒரு கல்மேல் உட்கார்ந்திருந்தார். நான் செய்ததை அவர் பார்த்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

6. ஒன்றரை மணி நேரம்

இந்த இடத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். படிக்கிறவர்களில் பாதிப் பேர், நான் அந்த இடத்தில் இருந்தால் உடனே சொல்லியிருப்பேன் என்று நினைப்பீர்கள். நானும் அந்த மாதிரி ஆள்தான் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் எனக்குத் தோன்றியது, டிரங்க் கால் கிடைக்காது என்பது. மலையில் லைன் பாதி நாள் செத்துக்கிடக்கும். கால் கிடைக்காவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை, ஆஸ்பத்திரியில் காஸ் நன்றாகத்தான் இருக்கிறது, ஆபரேஷன் நடந்துவிடும், தணிகாசலம் மறுநாள் நிம்மதியாகிவிடுவார் என்று ஒரு கணக்கு. கால் கிடைத்தால் டெஸ்ட் செய்து பார்ப்பார்கள், நல்ல காஸ் என்று தெரிந்துவிடும், அதுவும் நல்லதுதான் என்று இன்னொரு கணக்கு. இரண்டு கணக்கிலும் மைலேஜ் முனிரத்தினத்துக்குச் சேதாரம் இல்லை. நைட்ரஸ் வண்டியை உருக்கியவன் என்று மலை மேலும் கீழும் பேச்சு வராது. என் பெயர் மட்டும்தான் எனக்குச் சொத்து. அதை இழக்கப் பயமாக இருந்தது. இதுதான் உண்மை.

இடையில் ஒரு தடவை தபால் ஆபீஸ் பக்கம் போய்ப் பார்த்தேன். தணிகாசலம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அர்ஜென்ட் கால் போட்டிருந்தார், லைன் கிடைக்கவில்லை. போஸ்ட் மாஸ்டர் பாவம், கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தார். தணிகாசலம் என்னைப் பார்த்துவிட்டு, "முனிரத்தினம், எம்மேல தப்பிருக்குமா?" என்று கேட்டார். நான், பார்க்கலாம்ணா என்றேன். அந்த ஒரு சொல்லை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கம்.

ஹெட்டைக் கழற்றியதிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆனபோது பஸ் வந்தது. தணிகாசலம் கால் கிடைக்காது என்று முடிவு செய்து, இறங்கி நேராக ஆஸ்பத்திரிக்கே போய்ச் சொல்லிவிடுவதாகக் கிளம்பினார். சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். காஸை மாற்றி நிரப்பிவிட்டேன் என்று ஒருவன் தானே போய்ச் சொன்னால் அவனை அப்புறம் எந்த ஏஜென்சியும் சிலிண்டரைத் தொட விடாது. வீட்டில் இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு நிற்கிறார்கள். இருந்தாலும் பஸ் படியில் காலை வைத்துவிட்டார். அதைப் பார்த்தபின் என்னால் முடியவில்லை.

அவர் கையைப் பிடித்து இழுத்து இறக்கி, எல்லாவற்றையும் சொன்னேன். ஜெட், இழை, வெள்ளை பிளக், மண்ணில் தள்ளியது வரை. சந்தானமும் மஸ்தான் பாயும் அதற்குள் வந்துவிட்டார்கள், அவர்களும் கேட்டார்கள். சந்தானம் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

தணிகாசலம் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் மூன்று தடவை "நிச்சயமா?" என்று கேட்டார். மூன்று தடவையும் நிச்சயம் என்றேன். கண்டக்டர் விசில் கொடுத்தார். தணிகாசலம் மறுபடியும் படியில் ஏறினார்.

அதான் காஸ் நல்ல காஸ் என்று சொல்லிவிட்டேனே, இனிமேல் எதற்குப் போகிறீர்கள் என்றேன்.

"நீ சொல்றது நெசமா இருக்கும்" என்றார். "ஆனா நான் தவிச்சிக்கினு நின்னப்ப நீ பாத்துக்கினு சும்மா இருந்தவன். ஒன் பேச்ச நம்பி நான் எப்டிப்பா வூட்ல போய்ப் படுக்கறது?"

பஸ் போய்விட்டது.

7. அதற்குப் பிறகு

அவர் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லி, எல்லாச் சிலிண்டரையும் திரும்ப எடுத்துச் சோதித்தார். எல்லாம் சரியாகவே இருந்தன. மறுநாள் நடக்க வேண்டிய ஆபரேஷன்கள் ஒரு நாள் தள்ளிப்போயின. ஆபரேஷனுக்காகப் பட்டினி போட்டு வைத்திருந்தவர்களை மறுபடியும் ஒரு நாள் பட்டினி போட்டார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் என்னைத் தெரியாது.

சந்தானம் ஹெரால்டை விற்றுவிட்டு ஏஜென்சியில் உட்கார்ந்தார். தணிகாசலத்தின் வேலை போகவில்லை. அவருடைய முதலாளி, அதாவது சந்தானத்தின் அப்பா, நடந்ததை முழுக்கக் கேட்டு, ஒரு வார்த்தைகூடத் திட்டாமல் விட்டாராம். மஸ்தான் பாய் என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அன்றைக்குத் திரும்பி வரும் வழியில் ஜீப்பில் ஒன்றே ஒன்று சொன்னார்: "பிஸ்டன் போனா கடையில இன்னொண்ணு கெடைக்கும் பேட்டா." மீதியைச் சொல்லவில்லை, எனக்கும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அதற்குப்பின் நான் எந்த ஜெட்டிலும் கம்பி செருகியதில்லை. மைலேஜ் என்று கேட்டு வந்தவர்கள் ஒருவர் ஒருவராக வேறு பட்டறைக்குப் போனார்கள்.

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஜோடியாக வந்த இரண்டு ஜெட்டில் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். மாற்றினால் வண்டிக்காரரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். சொல்லாமல் விட்டு, வேறு ஒருவர்மேல் பழி விழுந்தால், விழுந்த நிமிஷமே வாயைத் திறங்கள். ஒன்றரை மணி நேரம் கழித்துச் சொன்ன உண்மைக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்று நான் பார்த்துவிட்டேன்.

பிற்பாடு எங்கள் பட்டறையில் காஸ் வெல்டிங் ஆரம்பித்தோம். ஆக்சிஜன் அந்த ஏஜென்சியிலிருந்துதான் வந்தது, தணிகாசலமே வேனில் கொண்டுவருவார். என்மேல் கோபமெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. டீ குடிப்பார், வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்பார், இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கும் என்னைக் கூப்பிட்டார். பட்டறையில் ஓரமாக நிற்கிற சிலிண்டரைக் காட்டி, அது காலிண்ணா, எடுத்துக்கலாம் என்பேன். சரிப்பா என்று தலையாட்டுவார். பிறகு குனிந்து, வால்வைத் தானே திறந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏற்றுவார். வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறவரை ஒரு தடவைகூட அவர் பார்க்காமல் எடுத்ததில்லை.